கேசட்டிலிருந்து பாட்காஸ்ட் வரை: டாக்டரும் நர்ஸும் காதால் படித்த கதை

இந்த எபிசோட் ஒரு கேள்வியில இருந்து ஆரம்பிக்குது. அந்தக் கேள்வியைக் கேட்டவங்க ஒரு கிராம சுகாதார செவிலியர். கேட்ட இடம் ஆரம்பாக்கம்.

ஊர் தெரியாதவங்களுக்கு: சென்னையில இருந்து கொல்கத்தா ஹைவேல வடக்கே போனா, கும்மிடிப்பூண்டி தாண்டி, ஆந்திரா எல்லையைத் தொடறதுக்கு முன்னாடி வர்ற ஊர். டீக்கடையில தமிழும் தெலுங்கும் கலந்துதான் காதுல விழும். ஹைவேயை விட்டு கிழக்கே திரும்பினா பழவேற்காடு ஏரி. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி இதுதான். ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல நீளமா ஒரு தீவு. அதுதான் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடற நாள்ல, இந்தக் கரையில நின்னா டிவி தேவையில்ல.

ஏரிக்கரை கிராமங்களைப் பத்தி வேற ஒரு எபிசோடுக்காக ரெக்கார்ட் பண்ணப் போயிருந்தேன். மைக்கைப் பார்த்துட்டு அந்த அக்கா என்ன வேலைன்னு விசாரிச்சாங்க. பாட்காஸ்ட்னு சொன்னேன். சிரிச்சுட்டு இப்படிக் கேட்டாங்க: "சமைக்கும்போது, பஸ்ல போகும்போது நானும் கேட்பேன் தம்பி. ராஜா கதை வருது, கொலைக் கதை வருது. எங்க வேலைக்கு ஆகற மாதிரி ஏதாவது வருதா? வந்தா, அதைக் கேட்டதும் படிச்ச கணக்குல சேருமா?"

எனக்குப் பதில் தெரியல. திரும்பி வந்து தேட ஆரம்பிச்சேன். தேடினா, காதால மருத்துவம் படிக்கறதுக்கு 70 வருஷத்துக்கு மேல வரலாறு இருக்கு. நடுவுல அது இந்த ஏரிக்கு மேலேயே ஒருமுறை பறந்து போயிருக்கு. அந்தக் கதைதான் இன்னைக்கு.

முதல்ல அந்த அக்காவோட "கணக்கு" என்னன்னு புரிஞ்சுக்கலாம். டாக்டர் பட்டமோ நர்ஸ் பட்டமோ வாங்கிட்டா படிப்பு முடிஞ்சிடாது. மருந்து மாறும், சிகிச்சை முறை மாறும், தடுப்பூசி அட்டவணை மாறும். அதனால வேலையில இருந்துகிட்டே படிக்கணும். இந்திய மருத்துவக் கவுன்சிலோட 2002 நடத்தை விதிகள், டாக்டர்கள் 5 வருஷத்துக்கு 30 மணி நேரமாவது தொடர் கல்வி பெறணும்னு சொல்லுது. நர்ஸ்களுக்கு இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு, பதிவைப் புதுப்பிக்க 5 வருஷத்துக்கு 150 மணி நேரம். அதாவது வருஷத்துக்கு 30 மணி நேரம்.

நகரத்துல இருக்கற டாக்டருக்கு இது பெரிய சிக்கல் இல்ல. ஞாயித்துக்கிழமை ஹோட்டல்ல ஒரு கருத்தரங்கு, மதியம் சாப்பாடு, சாயங்காலம் சர்டிபிகேட். ஆனா 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம்ங்கறது இங்க சமவெளிக்கான கணக்கு. அந்த 5,000 பேரோட கர்ப்பிணிகள், பச்சைக் குழந்தைகள், தடுப்பூசி, பதிவேடு எல்லாத்தையும் தலையில வெச்சிருக்கற ஒருத்தர் ஒரு நாள் வகுப்புக்குப் போனா, அந்த ஒரு நாள் வேலையும் அப்படியே நிக்கும். நேரம் இல்லாததுதான் இங்க முதல் பிரச்சினை. இதே பிரச்சினையிலதான் நம்ம கதையும் ஆரம்பிக்குது, ஆனா வேற ஒரு நாட்டுல.

1950-களோட தொடக்கம், அமெரிக்காவோட கலிபோர்னியா. இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் மருத்துவ ஆராய்ச்சி வெள்ளமா வருது. பென்சிலினுக்குப் பின்னாலேயே வரிசையா புது ஆன்டிபயாட்டிக்குகள். மருத்துவ இதழ்கள் மேசையில குவியுது, படிக்க நேரமில்ல. அப்போ ஜெர்ரி பெட்டிஸ்னு ஒருத்தருக்கு ஒரு யோசனை வருது. டாக்டர் படிக்க நேரமில்லாதவர்தான், ஆனா காருல ஏகப்பட்ட நேரம் உட்கார்ந்திருக்கறவர். இதழ்களோட சாரத்தை யாராவது வாசிச்சு, டேப்ல பதிஞ்சு, சந்தா கட்டினவங்களுக்குத் தபால்ல அனுப்பினா? அப்படிப் பிறந்ததுதான் 'ஆடியோ டைஜஸ்ட்'. பிறகு அது கலிபோர்னியா மருத்துவச் சங்கத்தோட கைக்குப் போச்சு. பெட்டிஸ் அரசியலுக்குப் போய் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். 1963-ல பிலிப்ஸ் கம்பெனி கேசட்டைக் கொண்டு வந்ததும், இந்த மாதிரி பாடங்களுக்கு கார் உண்மையிலேயே வகுப்பறை ஆயிடுச்சு.

கவனிங்க: சந்தா, குறிப்பிட்ட இடைவெளியில புது எபிசோட், வேற வேலை செஞ்சுகிட்டே கேட்கறது. பாட்காஸ்டுக்கு வேண்டிய எல்லாமே அப்பவே இருக்கு. இன்டர்நெட் மட்டும்தான் இல்ல.

1957-ல இங்கிலாந்துல ஜான் கிரேவ்ஸ், வாலரி கிரேவ்ஸ்னு ஒரு தம்பதி இதையே வேற மாதிரி செஞ்சாங்க. கிராமத்துல, சின்ன ஊர்ல தனியா கிளினிக் வெச்சிருக்கற பொது மருத்துவர்களுக்கு ஒலிப்பதிவுகளைத் தபால்ல அனுப்பினாங்க. பிற்பாடு ஒலிப்பதிவோட ஸ்லைடு படங்களும் போச்சு. தனியா கேட்கறவங்களும் உண்டு, நாலஞ்சு டாக்டர்கள் ஒரு வீட்டுல கூடி, கேட்டு, பேசிக்கறதும் உண்டு. இந்த "கூடிப் பேசறது"ங்கற விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க. இதுதான் நம்ம கதையோட திருப்பம்.

இப்போ இந்தியாவுக்கு வரலாம். 1956, பழைய பம்பாய் மாகாணத்துல புனே பக்கம் சுமார் 150 கிராமங்கள். யுனெஸ்கோ உதவியோட அகில இந்திய வானொலி ஒரு சோதனை செஞ்சது. ஒவ்வொரு கிராமத்துலயும் ஒரு குழு. விவசாயம், சுகாதாரம் மாதிரி விஷயங்கள் ரேடியோவுல வரும். குழு உட்கார்ந்து கேட்கும், முடிஞ்சதும் விவாதிக்கும். சந்தேகத்தை எழுதி நிலையத்துக்கு அனுப்பும், பதில் அடுத்தடுத்த நிகழ்ச்சியில வரும். பால் நியூராத்னு ஒரு சமூகவியலாளர் முன்னும் பின்னும் மக்களோட அறிவை அளந்து பார்த்தார். ரேடியோ மட்டும் இருந்த கிராமங்களைவிட, ரேடியோவோட சேர்ந்து குழுவும் இருந்த கிராமங்கள் ரொம்ப அதிகமா கத்துக்கிட்டிருந்தாங்க.

தமிழ்நாட்டுல இதுக்கு ஒரு ருசிகரமான சாட்சி உண்டு. 1960-கள்ல திருச்சி வானொலி நிலையம் ஆடுதுறை 27-ங்கற புது நெல் ரகத்தைப் பத்தித் தொடர்ந்து ஒலிபரப்பினது. தஞ்சாவூர் விவசாயிகள் அந்த நெல்லுக்கு வெச்ச பேரே 'ரேடியோ நெல்'. காதுல விழுந்த பாடம் வயல்ல முளைச்சது. விதைக்கறது எப்போ, உரம் எவ்வளவுன்னு அவங்க மண்ணுக்கு ஏத்த விஷயத்தை, அவங்க மொழியில சொன்னதாலதான் அது வேலை செஞ்சது.

மொழின்னு சொன்னதும் நூறு வருஷம் பின்னாடி போய் ஒருத்தரைப் பார்த்துட்டு வரணும். யாழ்ப்பாணம், 1847. அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அங்க வந்து இறங்கறார். மானிப்பாயில மருத்துவமனை நடத்தி, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு மேல்நாட்டு மருத்துவம் சொல்லிக் கொடுக்கறார். முதல்ல ஆங்கிலத்துல. கொஞ்ச வருஷத்துல அவருக்கு ஒண்ணு புரியுது: ஆங்கிலத்துல படிச்சவங்க அரசாங்க வேலை தேடி வெளியூர் போயிடறாங்க, கிராமம் காலியாவே இருக்கு. 1860-கள்ல பாடத்தையே தமிழுக்கு மாத்தறார். உடற்கூறு, பிரசவம், அறுவை சிகிச்சைன்னு பெரிய பெரிய ஆங்கிலப் புத்தகங்களைத் தன் மாணவர்களோட சேர்ந்து தமிழாக்கறார். கலைச்சொல்லுக்குப் பட்டியல் போடறார். 1873-ல ஊர் திரும்பின பிறகும், 1884-ல சாகற வரைக்கும் அந்தத் தமிழ்ப் புத்தக வேலையை விடல.

கிறீனுக்குப் புரிஞ்சது எளிமையான விஷயம். எந்த மொழியில சொல்லித் தர்றோமோ, அது படிக்கறவர் எங்க தங்குவார்ங்கறதையும் சேர்த்துத் தீர்மானிக்குது.

சரி, ஏரிக்கு மேலே பறந்த பாடத்துக்கு வருவோம். ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து முதல் சின்ன ராக்கெட் கிளம்பினது 1971 அக்டோபர்ல. அங்கிருந்து முப்பது வருஷம் தாவுங்க. 2001-ல இஸ்ரோ தன்னோட தொலைமருத்துவ முன்னோட்டத் திட்டத்தை ஆரம்பிக்குது. சென்னை அப்பல்லோவையும் சித்தூர் மாவட்டத்துல அரகொண்டாங்கற கிராமத்து மருத்துவமனையையும் செயற்கைக்கோள் வழியா இணைச்சாங்க. 2004 செப்டம்பர் 20 சாயங்காலம், ஜிஎஸ்எல்வி ராக்கெட்டுல எஜுசாட் கிளம்பிச்சு. கல்விக்குன்னே இந்தியா அனுப்பின முதல் செயற்கைக்கோள். எடை சுமார் 1,950 கிலோ. அன்னைக்கு இந்தக் கரையில நின்னு அண்ணாந்து பார்த்த மீனவர் ஒவ்வொருத்தரும், ஒரு பள்ளிக்கூடம் வானத்துக்குப் போறதைத்தான் பார்த்திருக்காங்க.

அதே 2004 பிப்ரவரியில, லண்டன்ல பென் ஹாமர்ஸ்லிங்கற பத்திரிகையாளர் 'கார்டியன்' நாளிதழ்ல ஒரு கட்டுரை எழுதறார். இந்தப் புது வகை ஆடியோவுக்கு என்ன பேர் வைக்கலாம்னு யோசிக்கற மாதிரி சில சொற்களைப் போடறார். அதுல ஒண்ணு 'பாட்காஸ்டிங்'. அடுத்த வருஷம் ஜூன்ல ஆப்பிள் தன்னோட ஐடியூன்ஸ்ல பாட்காஸ்டைச் சேர்த்துச்சு. அவ்வளவுதான், பேர் நிலைச்சுடுச்சு.

ரெண்டுமே ஒரே வருஷம். ஒண்ணு ரெண்டு டன் எடை, ராக்கெட் வேணும். இன்னொண்ணு ஒரு டெக்ஸ்ட் ஃபைல். நிஜமா சொல்றேன். பாட்காஸ்டோட அடித்தளம் ஆர்.எஸ்.எஸ். ஃபீடுங்கற ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல்தான். "புது எபிசோட் வந்திருக்கு, ஆடியோ இந்த முகவரியில இருக்கு"ன்னு அதுல ஒரு வரி எழுதினா, உங்க ஃபோன் தானா போய் எடுத்துக்கும். நான் இன்ஜினியரிங் படிச்ச நாலு வருஷத்துல இவ்வளவு எளிமையான, இவ்வளவு தூரம் போற வேற எதையும் பார்த்ததில்ல.

எஜுசாட் தப்பான யோசனைன்னு சொல்ல வரல. அது 2010 வரைக்கும் வேலை செஞ்சது, எத்தனையோ கல்லூரிகளுக்குப் பாடம் கொண்டு போச்சு. ஆனா அந்தப் பாடம் வந்து சேர ஒரு டிஷ், ஒரு அறை, கரண்ட், குறிப்பிட்ட நேரம் வேணும். ஏரிக்கரையில வீடு வீடா போற நர்ஸுக்கு அறையும் கிடையாது, குறிப்பிட்ட நேரமும் கிடையாது. ராக்கெட்டை அண்ணாந்து பார்க்க முடிஞ்ச தூரத்துல இருந்தும் பாடம் கைக்கு வரல.

பாட்காஸ்ட் வந்த பிறகு வேகமா பிடிச்சுக்கிட்டவங்க அவசர சிகிச்சை டாக்டர்கள். காரணம் எளிது: ஷிப்ட் வேலை, தூக்கம் கெட்ட வாழ்க்கை, வகுப்புக்கு நேரமில்ல. மெல் ஹெர்பர்ட்டோட 'எம்ரேப்' பாட்காஸ்டுங்கற சொல்லுக்கு முன்னாடியே, 2001-லேயே ஆடியோவா ஆரம்பிச்சிருந்தது. 2009-ல ஸ்காட் வைன்கார்ட்டோட 'எம்கிரிட்' வந்தது. 2012-ல டப்ளின்ல ஒரு மாநாட்டுக்கு நடுவுல, ஒரு பப்ல உட்கார்ந்து, மைக் கேடகன்ங்கற ஆஸ்திரேலிய டாக்டர் இந்த மொத்த இயக்கத்துக்கும் 'ஃபோம்'னு ஒரு பேர் வெச்சார். எல்லாருக்கும் திறந்த, இலவசமான மருத்துவக் கல்விங்கறதோட சுருக்கம். பேரைக் கண்டுபிடிக்கும்போது அவர் எதிர்ல நுரை பொங்கற கின்னஸ் பீர் இருந்ததாம்.

இப்போ நம்ம அக்காவோட முதல் கேள்விக்கு வரலாம்: "எங்க வேலைக்கு ஆகற மாதிரி வருதா?" நான் சொன்னதெல்லாம் ஆங்கிலம். பெரும்பாலும் அமெரிக்க ஐ.சி.யு.வுக்கானது. வென்டிலேட்டர்ல எந்த எண்ணை எப்படித் திருப்பணும்னு ஒரு மணி நேரம் பேசுவாங்க. அருமையா இருக்கும், ஆனா இங்க என்ன நடக்குதுன்னு பாருங்க. ஏரியில இறங்கறவர் கால்ல திருக்கை முள்ளோ கெளுத்தி முள்ளோ குத்திடுது. வலி உயிர் போகும். அதுக்கு முதல் உதவி என்ன? காயம்பட்ட இடத்தைத் தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணியில, ஏறத்தாழ 45 டிகிரி, அரை மணியில இருந்து ஒன்றரை மணி நேரம் வரைக்கும் வைக்கணும். அந்த விஷம் புரதத்தால ஆனது, சூட்டுல சிதையும், வலி குறையும். தண்ணி சூட்டை அடிபடாத கையால பார்க்கணும். ஏன்னா அடிபட்ட காலுக்கு உணர்வு மரத்திருக்கலாம், வெந்துபோறதுகூடத் தெரியாது. அப்புறம் முள் துண்டு உள்ள இருக்கான்னு பார்த்து, டெட்டனஸ் ஊசிக்கு மருத்துவமனைக்கு அனுப்பணும். நெஞ்சுலயோ வயித்துலயோ குத்தியிருந்தா முள்ளைப் பிடுங்காம, நேரா மருத்துவமனைதான்.

இதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகல. தமிழ்ல, தெலுங்குல, எட்டு நிமிஷ எபிசோடா வந்தா இந்தக் கரை முழுக்க உதவும். வென்டிலேட்டர் எபிசோட் ஆயிரம் வந்தாலும் இது ஒண்ணுக்கு ஈடாகாது.

"சரிப்பா, கேட்டா மட்டும் போதுமா?"ன்னு நீங்க கேட்கலாம். போதாது. புனே கிராமங்கள் 1956-லேயே சொல்லிடுச்சு. 2003-ல அதை வேற விதமா நிரூபிச்சவர் சஞ்சீவ் அரோரா. இந்தியாவுல பிறந்த ஈரல் நோய் நிபுணர், அமெரிக்காவோட நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்துல வேலை. ஹெபடைடிஸ் சி நோயாளிகள் அவரைப் பார்க்க மாசக்கணக்கா காத்திருந்தாங்க. அவர் நோயாளிகளை வரவழைக்கறதுக்குப் பதிலா, கிராமத்து டாக்டர்களையும் நர்ஸ்களையும் வாரா வாரம் வீடியோ அழைப்புல கூட்டினார். அவங்க தங்களோட நோயாளியைப் பத்திச் சொல்லுவாங்க, எல்லாரும் சேர்ந்து முடிவெடுப்பாங்க. 'புராஜெக்ட் எக்கோ'ன்னு பேர். 2011-ல 407 நோயாளிகளை வெச்சு வெளிவந்த ஆய்வு: பல்கலைக்கழக கிளினிக்ல குணமானவங்க 57.5 சதவீதம், இந்தக் குழுவுல கத்துக்கிட்டவங்ககிட்ட குணமானவங்க 58.2 சதவீதம். கிட்டத்தட்ட சமம்.

அப்போ சாதாரண பட்டன் ஃபோன் வெச்சிருக்கறவங்களுக்கு? அதுக்கும் இந்தியாவுல ஒரு வழி செஞ்சிருக்காங்க. 2012-ல பீகார்ல, பி.பி.சி. மீடியா ஆக்‌ஷன் ஆஷா பணியாளர்களுக்காக 'மொபைல் அகாடமி'ன்னு ஒண்ணை ஆரம்பிச்சது. ஒரு எண்ணுக்குக் கூப்பிட்டா, டாக்டர் அனிதாங்கற கற்பனைப் பாத்திரம் பாடம் சொல்லுவாங்க. ஆப் வேண்டாம், டேட்டா வேண்டாம். நடுவுல கட் பண்ணிட்டு அப்புறம் விட்ட இடத்துல இருந்து கேட்கலாம். ஒவ்வொரு அத்தியாயம் முடிவுலயும் கேள்வி வரும், பட்டனை அழுத்திப் பதில் சொல்லணும். தேறினா சான்றிதழ். 2016 ஜனவரியில மத்திய சுகாதார அமைச்சகம் இதை பல மாநிலங்களுக்குக் கொண்டு போச்சு. அப்போ மொத்தப் பாடம் சுமார் 4 மணி நேரம்.

இந்த மொபைல் அகாடமிதான் அக்காவோட ரெண்டாவது கேள்விக்கான பதில்னு எனக்குத் தோணுது. "கேட்டது கணக்குல சேருமா?" சேரும், சேர்க்க முடியும். டெக்னிக்கலா ரொம்ப சின்ன வேலை. யார் கேட்டாங்க, எந்தப் பாடம், கேள்விக்கு என்ன பதில்னு பதிவு பண்றது ஒரு வாரக் கடைசியில எழுதி முடிக்கற கோட். இந்த நாடு அதை ஏற்கெனவே ஒருமுறை செஞ்சும் காட்டியாச்சு. பாக்கி இருக்கறது, அந்த மணிக்கணக்கை ஹோட்டல் கருத்தரங்குக்குச் சமமா மதிக்கறது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிடணும். பாட்காஸ்ட்ல யார் வேணும்னாலும் எதை வேணும்னாலும் சொல்லலாம். அச்சிட்ட பாடப்புத்தகத்துல தப்பு இருந்தா அடுத்த பதிப்புல திருத்துவாங்க. காதுல விழுந்த தப்பான டோஸை எப்படித் திருத்தறது? சமைச்சுகிட்டே கேட்கும்போது 5-ங்கறது 50-ன்னு காதுல விழலாம். அதனால மருந்து அளவு எப்பவும் எழுத்துல கூடவே போகணும், ஒவ்வொரு பாடத்தையும் அந்தத் துறை தெரிஞ்சவர் கேட்டு ஒப்புதல் தரணும், தேதி போடணும், பழசானா எடுத்துடணும். இதெல்லாம் இல்லாத ஆடியோ, பாடம் கிடையாது. வாட்ஸ்அப் ஃபார்வர்ட்.

மொத்தக் கதையையும் திரும்பிப் பார்த்தா, ஒவ்வொரு முறையும் கருவிதான் தலைப்புச் செய்தி ஆகியிருக்கு. டேப், கேசட், ரேடியோ, செயற்கைக்கோள், பாட்காஸ்ட். ஆனா ஜெயிச்ச இடங்கள்ல எல்லாம் கருவிக்குப் பின்னாடி ஒரு ஆள் இருந்திருக்கார். படிக்கறவரோட நாள் எப்படிப் போகுதுன்னு அவர் யோசிச்சிருக்கார். பெட்டிஸ் காரைப் பார்த்தார். கிறீன் மொழியைப் பார்த்தார். திருச்சி நிலையம் வயலைப் பார்த்தது. அரோரா அந்தக் கிராமத்து டாக்டர் பார்க்கற நோயாளியையே பார்த்தார்.

அந்த அக்காவுக்கு ஃபோன் பண்ணி இதையெல்லாம் சொன்னேன். முழுசா கேட்டாங்க. கடைசியில, "அப்போ யாரு செய்யறது?"ன்னு கேட்டாங்க.

நான் டாக்டர் இல்ல. திருக்கை முள்ளைப் பத்தி நான் இன்னைக்குச் சொன்னதுகூட பாடமாகாது, ஒரு உதாரணம்தான். பாடத்தை எழுத ஒரு டாக்டரும், "இது எங்க ஊருல நடக்காது"ன்னு சொல்லித் திருத்த ஒரு கிராம நர்ஸும் வேணும். ரெக்கார்டிங், எடிட்டிங், ஃபீட், பட்டன் ஃபோனுக்கான எண், இந்த நாலும் எனக்குத் தெரிஞ்ச வேலை. அதை நான் காசு வாங்காம செய்யறேன். இந்த எபிசோடைக் கேட்கறவங்கள்ல ஆரம்ப சுகாதார நிலையத்துல வேலை பார்க்கற டாக்டரோ நர்ஸோ இருந்தா, எனக்கு எழுதுங்க. முதல் எட்டு நிமிஷத்துல இருந்து ஆரம்பிக்கலாம்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.